எண்ணாமல் எழுதிய 28

பயிற்சி மருத்துவராக இருந்தபோது நான் எழுதிய கேஸ் ஷீட்டுகளை இன்று யாராவது புரட்டினால், அந்த ஊர்க் குழந்தைகள் எல்லோரும் நிமிடத்துக்குச் சரியாக 28 முறை மூச்சுவிட்டதாகத் தெரியவரும். எண்ணாமலேயே எழுதியது அது. குழந்தையின் நிலை மோசமாவதை எண்ணால் முன்கூட்டியே எச்சரிக்கும் அவசரப் பிரிவு மதிப்பெண் அட்டையைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் அந்த 28தான் நினைவுக்கு வருகிறது.

இப்போது எங்களிடம் இருப்பது, இங்கிலாந்தின் பிரைட்டனில் உருவாகி 2005இல் வெளியான முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை ஒட்டிய ஓர் அட்டை. குழந்தையின் நடத்தை, இரத்த ஓட்டம், மூச்சு ஆகிய மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் தரவேண்டும். விளையாடினால் 0, தூங்கினால் 1, சிணுங்கிக்கொண்டே இருந்தால் 2, துவண்டு கிடந்தால் 3. (ஆகவே இரவு இரண்டு மணிக்கு வார்டில் எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் இலவசம்.)

சென்ற மழைக்காலத்தில் சளி என்று கொண்டுவரப்பட்ட பதினான்கு மாதக் குழந்தை ஒன்று தாயின் தோளில் அழாமல் சாய்ந்திருந்தது. சீட்டில் மூச்சு 32 என்றும், மதிப்பெண் பூஜ்யம் என்றும் எழுதியிருந்தது. "வழக்கமா இப்படிச் சும்மா இருக்க மாட்டான் சார்" என்றார் அந்த அம்மா. சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி வயிற்றின் அசைவை முழு நிமிடம் எண்ணினேன்: 56. விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40ஐத் தொட்டாலே வேகமூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சிறு குழந்தைகளின் மூச்சு சீராக இராது என்பதால், பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குகிறவருக்கு ஒரு மூச்சு தவறினால் நான்கு தவறும்.

சரியாக எண்ணினாலும் அட்டை கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு, டெங்கு. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் இறங்கி, வீட்டார் நிம்மதி அடையும் அதே வேளையில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். குழந்தை தெளிவாகப் பேசும், தண்ணீர் கேட்கும். இரத்த அழுத்தத்தில் மேல் அழுத்தம் 100இல் நிற்க, கீழ் அழுத்தம் மட்டும் 80க்கு ஏறியிருக்கும். இடைவெளி 20ஆகச் சுருங்கிவிட்டால் அது அதிர்ச்சி நிலை (ஷாக்), அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச்சேராத நிலை. பாதத்தைத் தொட்டவருக்குச் சில்லிப்பு தெரியும். அட்டையிலோ இரத்த அழுத்தத்துக்குக் கட்டமே இல்லை.

கனடாவின் டொராண்டோவில் உருவான விரிவான அட்டையில் அந்தக் கட்டம் உண்டு. ஆனால் அதை 7 நாடுகளின் 21 மருத்துவமனைகளில் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் இறப்பு குறையவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. மதிப்பெண் 6 என்று காட்டும்போது ஓடிவருவதற்கு ஆள் இருக்கிறாரா என்பது அட்டைக்கு வெளியே உள்ள விஷயம். எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் லெஸ்டரில் உருவான முறை, ஏனெனில் பார்ப்பவரின் மனதில் எழும் உறுத்தலுக்கும் அதில் மதிப்பெண் உண்டு.

எங்கள் அட்டையின் அடியில் இப்போது பேனாவால் இரண்டு கோடுகள் போட்டுக்கொள்கிறோம். ஒன்று மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு. மற்றொன்றில் அம்மா சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறோம்.