ஹாரிசன் சுறாவும் ராம்ப்ஸ் பூண்டும்: எவ்வளவு எடுக்கலாம்?

ஹாரிசன் சுறா கிழக்கு ஆஸ்திரேலியாவின் கண்டச்சரிவில் (கரையோரக் கடலடி ஆழ்கடலுக்குச் சரியும் பகுதி), சில நூறு மீட்டர் ஆழத்தில் திரிவது. ராம்ப்ஸ் வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் காடுகளில் வசந்தத்தில் தலைகாட்டும் காட்டுப்பூண்டு. இரண்டுமே நிதானமாக வளர்பவை, சிக்கலே அதில்தான்.

ராம்ப்ஸ் விதை போட்டால் முளைக்கவே 6 முதல் 18 மாதம். முதலில் வெப்பமும் ஈரமும் கிடைத்து வேர் விடும், பிறகு ஒரு குளிர்காலம் கடந்தால்தான் இலை வரும். பூக்க 5 முதல் 7 ஆண்டு ஆகும். மரங்கள் துளிர்த்து நிழல் விழுவதற்குள் சில வாரம் கிடைக்கும் வெயிலில்தான் கிழங்கு பருக்க வேண்டும். இலை மொத்தத்தையும் கிள்ளினால் அடுத்த ஆண்டு கிழங்கு சிறுத்துப்போகும், பூவும் வராது. கொத்தாகத் தோண்டினால் அந்த இடமே வெறுமை. கிரேட் ஸ்மோக்கி மலைகளில் நடந்த ஆய்வு சொன்ன அளவு: ஒரு திட்டில் உள்ள செடிகளில் 10 சதவீதம், அதுவும் 10 ஆண்டுக்கு ஒருமுறை. கனடாவின் கியூபெக் மாகாணம் 1995-இல் விற்பனையையே தடை செய்தது. சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 50 கிழங்குதான்.

ஆனாலும் பூண்டில் ஒரு வசதி உண்டு. இரண்டு மூன்று இலை விட்ட செடியில் ஒன்றை மட்டும் கத்தியால் அறுத்து, கிழங்கை மண்ணிலேயே விட்டுவிடலாம். (வாசனையை மட்டும் நம்பிப் பறிக்காதீர்கள்: நான்கு இலை பறித்ததும் கையே பூண்டு மணக்கும், அந்தக் கையில் எடுத்தால், பார்க்க ராம்ப்ஸ் போலவே இருக்கும் நச்சுள்ள லில்லி ஆஃப் த வேலி இலையும் பூண்டு மணப்பதாகவே தோன்றும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறிக்க வேண்டும்.)

சுறாவில் அந்த வசதி கிடையாது. அதில் மனிதர் தேடும் எண்ணெய் ஈரலில் இருக்கிறது. ஈரல் வேண்டுமென்றால் உயிர் போக வேண்டும். ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான். நியூ சவுத் வேல்ஸ் கடலில் 'கபாலா' ஆய்வுக்கப்பல் 1976-77-இல் இழுத்த அதே தளங்களில் 1996-97-இல் மறுபடி வலை இழுத்தபோது, இந்த வகைச் சுறாக்கள் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. இரால், வேறு மீன் தேடிப் போகும் இழுவலையிலும் இவை சிக்கும் என்பதால், 'இத்தனைதான் பிடி' என்ற உச்சவரம்பு மட்டும் போதாது. பகுதியையே மூடுவதுதான் என் பார்வையில் உருப்படியான வழி. ஆஸ்திரேலியாவும் சில சரிவுப் பகுதிகளை மூடியிருக்கிறது.

வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்று: முகக்கிரீமில் 'ஸ்குவாலேன்' (சுறா ஈரல் எண்ணெயிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் கிடைக்கும் பொருள்) என்றிருந்தால் ஆலிவா, கரும்பா, சுறா ஈரலா என்று பாருங்கள். மூலம் எழுதப்படாவிட்டால் தயாரிப்பாளரிடமே கேட்டுவிடலாம்.