போலோவை இறக்கிய கதை: ஸ்பிரிங், டயர், ஸ்பீடு பிரேக்கர்

என்னுடையது 2015 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ கார், 1.5 டீசல், ஹைலைன் வேரியன்ட். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வீடு சிங்காநல்லூரில், வேலைக்குத் தினமும் அவிநாசி ரோடு, மாசத்தில் ஒரு தடவையாவது பொள்ளாச்சிப் பக்கம் அப்பத்தா வீடு, அங்கே கடைசி ஒரு கிலோமீட்டர் தோப்புக்குள் மண்தடம். இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம், ஒரு காரை எத்தனை மில்லிமீட்டர் இறக்கலாம், அதாவது ஸ்பிரிங்கை மாற்றி உடம்பைத் தரைப் பக்கம் எவ்வளவு தாழ்த்தலாம் என்பதை அது தினமும் போகிற வழிதான் முடிவு செய்கிறது. யாரோ இறக்கிய அளவைப் பார்த்து அதே ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டுவிட்டு, வாரம் ஒரு தடவை அடி தட்டி இன்ஜின் கார்டைக் கழற்றி நிமிர்த்திக்கொண்டிருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

நம் ஊர் போலோ ஐரோப்பாவில் ஓடுகிற போலோவைவிட உயரமாக நிற்கும். நம் ரோட்டுக்காகக் கம்பெனியே தூக்கி வைத்தது. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் காரின் அடிக்கும் உள்ள இடைவெளி, 168 மிமீ என்று போட்டிருப்பார்கள். பயன்பாட்டுக்கு அது சரிதான், ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் டயருக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கிற ஃபெண்டருக்கும் நடுவில் நாலு விரல் தாராளமாக நுழையும், அத்தனை அழகான உடம்பு சின்ன டயர் மேல் ஏறி நின்றுகொண்டிருக்கும். எனக்கு அந்த இடைவெளி ரெண்டு விரலாக வேண்டும். தரையோடு ஒட்டிக்கொண்டு போகிற கார் வேண்டாம்.

முதலில் விசாரித்த பட்டறையில் கேட்டது எல்லோரும் கேட்கிற பதில்தான். "எதுக்கு தம்பி புது ஸ்பிரிங்கு? இருக்கறதுலயே ஒன்றரைச் சுத்து வெட்டிட்டா முடிஞ்சுது, சாயங்காலம் வந்து வண்டி எடுத்துக்குங்க." செலவும் சில ஆயிரத்தோடு போய்விடும். வேண்டாங்கண்ணா என்று சொல்லிவிட்டு வந்தேன். சுத்தைக் குறைத்தால் ஸ்பிரிங் கெட்டியாகும், அது ஒன்றும் பெரிய பிரச்சினை இல்லை. வெட்டிய முனை ஸ்பிரிங் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது, அதுதான் பிரச்சினை. அதைவிட, சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தொங்கும்போது நீளம் குறைந்த ஸ்பிரிங் இடத்தில் லூஸாகி, திரும்ப உட்காரும்போது கோணலாக உட்காரலாம். கேஸ் வெல்டிங் வைத்துச் சூடாக்கி உட்கார வைக்கிறவர்கள் இன்னும் மோசம், அந்த எஃகுக்குக் கொடுத்த பதமே போய்விடும், அப்புறம் அது எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, புது ஸ்பிரிங்தான் என்று முடிவானதும் இன்னொரு கணக்கு வந்தது. ஐபாக், எச் அண்ட் ஆர் மாதிரி ஜெர்மன் ஸ்பிரிங் பெட்டியில் 30 மிமீ என்று போட்டிருந்தால், அது ஐரோப்பிய போலோவின் உயரத்திலிருந்து 30. நம் கார் ஏற்கனவே உயரத்தில் நிற்பதால் அதே ஸ்பிரிங்கைப் போட்டால் இங்கே அதற்கும் மேலேயே இறங்கும். அதனால் கிடைப்பதிலேயே குறைவாக இறக்குகிற செட்டைத்தான் தேடினேன். இன்னொன்று, ஒரே மாடலுக்கே பெட்ரோலுக்கு ஒரு ஸ்பிரிங், டீசலுக்கு ஒரு ஸ்பிரிங் என்று முன் அச்சின் எடையை வைத்துப் பிரித்திருப்பார்கள். டீசல் இன்ஜின் கனம். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று பெட்ரோல் ஸ்பிரிங்கை டீசலில் போட்டால் மூக்கு குத்திக்கொண்டு நிற்கும். பெட்டியோடு டியூவி என்கிற ஜெர்மன் பரிசோதனை அமைப்பின் சான்றிதழ் ஒன்றும் வந்தது. ஜெர்மனியில் அதைக் காட்டி வண்டிப் பத்திரத்தில் ஏற்றிக்கொள்ளலாம். நம் ஆர்டிஓ ஆபீசில் காட்டினால் வடை மடிக்கத்தான் ஆகும்.

ஸ்பிரிங் வருவதற்கு முன்பே வீலையும் டயரையும் மாற்றினேன். இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. கம்பெனி டயர் 185/60 ஆர்15 (அகலம் 185 மிமீ, பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், வீல் 15 இன்ச்), மொத்த விட்டம் ஏறக்குறைய 603 மிமீ. நான் போட்டது 205/50 ஆர்16, அது 611. வித்தியாசம் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர்தான், ஆனால் அதில் பாதி காரை மேலே தூக்குகிறது, அதே பாதி ஃபெண்டர் இடைவெளியைக் குறைக்கிறது. அதாவது கார் நாலு மில்லிமீட்டர் உயர்ந்து, பார்வைக்கு இறங்கின மாதிரி தெரியும். இறக்காமலே கிடைக்கிற இறக்கம். ஸ்பீடோமீட்டர் சுமார் 1.4 சதவீதம் குறைத்துக் காட்டும், அது பரவாயில்லை.

வீலில் டிசைனைப் பார்ப்பதற்கு முன் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். போலோவுக்கு ஐந்து போல்ட், பிசிடி (போல்ட்டுகள் நிற்கிற வட்டத்தின் விட்டம்) 100 மிமீ, நடு ஓட்டை 57.1. வெளியில் விற்கிற அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள், பெரும்பாலும் 73.1. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் எண்பது, நூறில் ஸ்டீயரிங் நடுங்கும், நீங்கள் திரும்பத் திரும்ப பேலன்சிங் செய்துகொண்டே இருப்பீர்கள். இன்னொன்று போல்ட். ஃபோக்ஸ்வாகன் போல்ட்டின் உட்காரும் பகுதி உருண்டையாக இருக்கும், வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். உருண்டையைக் கூம்பில் வைத்து முறுக்கினால் முறுகத்தான் செய்யும், ஆனால் ஒரு கோடு அளவுக்குத்தான் ஒட்டியிருக்கும். இது ஸ்டைல் விஷயம் இல்லை, சக்கரம் கழன்று ஓடுகிற விஷயம். கூம்பு போல்ட் தனியாக வாங்கி, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து முறுக்கச் சொன்னேன். கம்பெனி வீல் 6ஜே, ஈடி 40. ஜே என்பது இன்ச்சில் வீலின் அகலம், ஈடி என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் ஒட்டி உட்காரும் முகம் எத்தனை மிமீ வெளியே தள்ளியிருக்கிறது என்பது. நான் போட்டது 7ஜே, ஈடி 38. கணக்குப் போட்டால் வெளிப்பக்கம் சுமார் 15 மிமீ நீண்டு வரும், உள்பக்கம் 11 மிமீ ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) பக்கம் போகும். ஈடி இதற்கும் கீழே இறங்கினால் பின்சீட்டில் மூன்று பேர் உட்காரும்போது பின் டயர் ஃபெண்டர் விளிம்பில் உரசும், அப்புறம் விளிம்பை மடிக்கிறேன் என்று பெயிண்ட் வெடித்து, மழைக்காலம் வந்தால் துரு.

ஸ்பிரிங் மாட்டுவதற்கு போலோவும் அதே கம்பெனியின் வென்டோவும் மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணனைப் பிடித்தேன். முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்கிற அமைப்பு. ஸ்ட்ரட்டை வெளியே எடுத்து, ஸ்பிரிங் கம்ப்ரசரில் அமுக்கிப் பிடித்துத்தான் மேல் நட்டைக் கழற்ற வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங் கையை விட்டுப் போனால் ஆளையே காலி செய்துவிடும், ஆகவே யூடியூப் பார்த்துவிட்டு வீட்டு வாசலில் இதைச் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். பின்பக்கம் சுலபம், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனி. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி அச்சை மெதுவாகக் கீழே இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். கார் ஏற்கனவே நிறைய ஓடின கார், அதனால் ஷாக் அப்சார்பர், மேல் மவுண்ட், பேரிங் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டேன். தேய்ந்த ஷாக்கில் கெட்டி ஸ்பிரிங் போட்டால் கார் துள்ளிக்கொண்டே இருக்கும், அதோடு இறக்கின காரில் ஷாக் எப்போதுமே பாதி அமுங்கின நிலையில் வேலை செய்வதால் சீக்கிரம் அடி வாங்கும். ஷாக் முழுசாக அமுங்கி இடிக்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரையும் ஸ்பிரிங்கோடு வந்த தாளில் சொன்ன அளவுக்கு மட்டும் வெட்டினார்.

அவர் செய்த ஒரு வேலைக்காகவே அவரிடம் திரும்பப் போவேன். ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டுகளைக் கார் லிஃப்டில் தொங்கும்போது முழுசாக முறுக்கவில்லை. கீழே இறக்கி, சக்கரத்தில் எடை உட்கார்ந்த பிறகுதான் முறுக்கினார். "தொங்கறப்ப முறுக்குனா ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும் தம்பி, ஆறு மாசத்துல கிழிஞ்சு போயிரும். நெறையப் பேரு இதப் பாக்கறதே இல்ல."

இறக்கிய அளவை எப்போதும் வீல் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வைத்து அளக்கணும், தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் வந்து குழப்பும். முன்பு எழுதி வைத்ததோடு ஒப்பிட்டால் 40 மிமீயை ஒட்டி இறங்கியிருந்தது, பெட்டியில் போட்ட எண்ணைவிட அதிகம், எதிர்பார்த்த மாதிரியே. அன்றைக்கே அலைன்மென்ட் பார்த்தோம், சில வாரம் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொரு தடவை. முன் சக்கரம் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தது, இந்த அளவுக்கு அது பாதகமில்லை. டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கிற கோணம், அதுதான் விலகியிருந்தது, அதை விட்டால் டயர் உள்விளிம்பு தேய்வது வெளியிலிருந்து தெரியவே தெரியாது. ஹெட்லைட்டையும் சுவரில் அடித்துப் பாருங்கள். முன்னும் பின்னும் வேறு அளவில் இறங்கியிருந்தால் வெளிச்சம் ஒன்று காலடியில் விழும், அல்லது எதிரே வருகிறவர் கண்ணில் விழும்.

இப்போது ஸ்பீடு பிரேக்கர். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செமீ உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும். அப்படிக் கட்டியிருந்தால் என் கார் பாட்டுக்குப் போகும், ஏனென்றால் அது இரண்டு அச்சுக்கும் நடுவே உள்ள தூரத்தைவிட அகலம். நம் தெருக்களில் இருப்பது வேறு சாதி, குறுகலா, கூர்மையா, ஒரே ராத்திரியில் தார் கொட்டி எழுப்பியது. 168-ல் நாற்பதைக் கழித்து நாலைக் கூட்டினால் 132, அதிலும் நாலு பேர் உட்கார்ந்தால் இன்னும் குறையும், இன்ஜினுக்கு அடியில் மாட்டிய இரும்பு கார்டு கொஞ்சம் தின்றுவிடும். தனியாகப் போகும்போது எதுவும் தட்டவில்லை. குடும்பத்தோடு போகும்போது மோசமான மேடுகளில் குறுக்காக ஏற்றி இறக்குகிறேன், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். அதைவிட எரிச்சல் எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவு. மேலேறி முடிகிற முனையில் வயிறு உரசப் பார்க்கும், அங்கேயும் குறுக்குதான்.

ஓட்டுவதில் வந்த மாற்றம் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, அங்கேதான் டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்கப் போனேன். ஸ்டீயரிங் முழுசாகத் திரும்பி, ஒரு பக்கம் எடை சாய்ந்து, ரோடும் மேடு பள்ளமாக இருக்கிற இடம் அதைவிட வேறில்லை. உரசவில்லை. உடம்பு சாய்வது நன்றாகக் குறைந்திருந்தது. இன்னும் இறக்கினால் இன்னும் நன்றாகும் என்று நினைக்க வேண்டாம். மேக்ஃபர்சன் அமைப்பில் ரொம்ப இறக்கினால் சக்கரத்தைக் கீழே தாங்குகிற கையின் கோணம் மாறி, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது வேகமாகக் கீழே போய்விடும், சாய்வு கூடத்தான் செய்யும். சொகுசு குறைந்தது உண்மை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நீண்ட பயணத்துக்கு மட்டும் பஸ்ஸைத் தேர்ந்தெடுக்கிறார். அப்பத்தா ஏறும்போதே "ஏனுங் கண்ணு, காரு உக்காந்து போச்சா?" என்று கேட்டார், அப்புறம் முட்டிவலிக்கு ஏறுவது சுலபமாக இருக்கிறது என்று அவரே சொன்னார். தோப்புத் தடத்தில் நடுவில் புல் மேடு இருக்கும், மழைக்குப் பிறகு காரை வெளியே நிறுத்திவிட்டு நடக்கிறோம்.

தோற்றத்தில் நான் அதிகம் கை வைக்கவில்லை. கூரைக்குப் பளபள கருப்பு ஸ்டிக்கர், முன் பம்பர் குரோம் கோட்டுக்கும் அதே. முன் பம்பருக்கு அடியில் ஒட்டுகிற லிப் போடவில்லை, இறக்கின காரில் அதுதான் முதலில் உடையும். டெயில் லைட்டில் புகை ஃபிலிம் ஒட்டச் சொன்னார்கள். பிரேக் போட்டால் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாத அழகு எனக்கு எதற்கு? கண்ணாடி ஃபிலிமை 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது, அந்தப் பேச்சே இல்லை. கிரில்லில் ஜிடிஐ பேட்ஜ் ஒட்டலாம் என்று நண்பன் சொன்னான். உண்மையான போலோ ஜிடிஐ 2016-ல் மூணு கதவோடு, 1.8 பெட்ரோல் இன்ஜினோடு இறக்குமதியாகி வந்தது. என் டீசல் சிக்னலில் நின்றால் டிராக்டர் சத்தம் கேட்கும், அதில் அந்த மூன்று எழுத்தை ஒட்ட எனக்கே கூச்சமாக இருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே வருடம் அந்தச் சட்டத்தில் வந்த பிரிவு 182ஏ-யில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முழுக் காருக்கும் வேறு கலர் ஸ்டிக்கர் ஒட்டினால் ஆர்சியில் கலர் மாற வேண்டும். ஆக இதைச் செய்பவர் தெரிந்தே செய்ய வேண்டும், போலீஸ் நிறுத்தினால் வாதாட இடமில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வீல், ஸ்பிரிங் இரண்டையும் எழுத்தில் தெரிவித்தேன். சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் அதையே காரணம் காட்ட முடியும்.

வீல், டயர், ஸ்பிரிங், ஷாக், கூலி, ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி வந்தது. இதில் பணம் குறைவாக இருந்தால் டயரையும் வீலையும் மட்டும் மாற்றிவிட்டுக் கொஞ்ச நாள் ஓட்டுங்கள், பலருக்கு அதுவே போதுமாக இருக்கும். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங், வெட்டாத பம்ப் ஸ்டாப், உருண்டை போல்ட் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். என்னுடையது முன், பின், இடது, வலது என்று மார்க்கரில் எழுதி, எண்ணெய் தடவி, சாக்கில் கட்டிப் பரணில் இருக்கிறது. 2030-ல் 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது கார் கம்பெனி உயரத்தில் நின்றாக வேண்டும், அதற்கு முன்பே விற்றாலும் வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.