காத்தாடியும் அத்தையோட தூக்கமும்: பணகுடி நாட்குறிப்பு

ஜூன் 14, 2025

சீசன் வந்தாச்சு. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா அடிக்கிற காத்துல கொடியில துணி நிக்க மாட்டேங்குது. காலையில அத்தை, "ஏளா, ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல, இந்தக் காத்தாடி மண்டைக்குள்ளயே சுத்துது"ன்னாங்க. வீட்டுக்கு மேக்க இருக்கிற, கரண்டு எடுக்குற பழைய காத்தாலை மிஷின்தான். அதுக்குள்ள குடும்ப குரூப்ல ஒரு வாய்ஸ் நோட்டு, காத்தாடிலருந்து காதுக்கு கேக்காத சத்தம் வருதாம், அது நெஞ்சுவலி, கருச்சிதைவு எல்லாம் கொண்டு வருமாம். காத்தாடி மழைய வெரட்டுதுன்னு போன வருஷம் சொன்ன அதே ஆளுதான்!

ஜூன் 17

உக்காந்து படிச்சேன். இந்தப் பேச்ச பெருசாக்குனது நினா பியர்பான்ட்னு ஒரு அமெரிக்க டாக்டர், 2009ல. 10 குடும்பத்து 38 பேரப் பத்தி ஃபோன்ல விசாரிச்சு எழுதுனது. அந்தக் குடும்பங்க எல்லாம் காத்தாடியாலதான் உடம்பு கெட்டுச்சுன்னு ஏற்கனவே சொன்னவங்க, அப்போ வேற என்ன பதில் வரும்?

சிட்னில 2023ல வந்த ஆராய்ச்சி எனக்கு புடிச்சுது. சத்தம்னாலே ஆகாதுங்கிற 37 பேர ஒரு லேப்ல 72 மணி நேரம் தங்க வெச்சு, காத்தாடில வர்ற மாதிரியே அந்த கேக்காத சத்தத்த ஓட விட்டுருக்காங்க. தூக்கம், தலைசுத்து, பிரஷர் எதுலயும் மாத்தமில்ல. ஆனா அதே ஆளுங்களுக்கு ரோட்டு வண்டிச் சத்தம் போட்டப்போ தூக்கம் கெட்டுருக்கு. அப்போ நாம பயப்பட வேண்டியது கேக்குற சத்தத்துக்குத்தான், இத அத்தைக்கு எப்படி சொல்றது.

ஜூன் 22

பக்கத்து தெரு தம்பி ஒருத்தன் காத்தாடி ஆபரேட்டரு. அடியிலயே கட்டில் போட்டு தூங்குவானாம், "அது நின்னாதான்க்கா முழிப்பு வரும், சம்பளம் போயிருமோன்னு"ங்கிறான். சிரிச்சாலும் விஷயம் இருக்கு, நெதர்லாந்துல இருந்து 2009ல வந்த ஆராய்ச்சிலயும் காத்தாடில வருமானம் வர்றவங்களுக்கு அதிக சத்தத்துலயும் எரிச்சல் ரொம்ப கம்மி. நம்ம மாமா அந்தக் காலத்துல நிலத்த வந்த விலைக்கு குடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் ஒரு பைசா கிடையாது. அத்தைக்கு கேக்குறது சத்தம் மட்டும் இல்லன்னு எனக்கு தோணுது. அதுக்காக எல்லாம் மனப்பிரமைன்னு சொல்லிட்டா அது அயோக்கியத்தனம். கனடா அரசு 1,238 பேர்கிட்ட எடுத்த சர்வேலயும் தலைவலி, தலைசுத்துக்கு சம்பந்தம் தெரியல, ஆனா சத்தம் கூடக் கூட எரிச்சல் கூடுதுன்னு தெளிவா வந்திருக்கு.

ஜூலை 20

ஆடிக்காத்து. பனை ஓலையும் தகரமும் போடுற சத்தத்துல காத்தாடி கேக்கவே இல்ல, அத்தை நல்லா தூங்குறாங்க. வாய்ஸ் நோட்டுக்காரங்க யோசிக்க வேண்டிய இடம் இது, மிஷின் பலமா சுத்துற மாசம்தான இது?

செப்டம்பர் 9

மறுபடி ஆரம்பம். ராத்திரி தரையில இலை அசையல, மேல மட்டும் காத்து ஓடுது, மறைக்க வேற சத்தம் இல்லாததால ஸ்ஸ்வுக் ஸ்ஸ்வுக்னு தனியா கேக்குது. நானே முழிச்சுக் கிடந்தேன். நடுநடுவுல கிரீச்சுனு ஒரு இழுவை வேற. தம்பிகிட்ட கேட்டா, காத்து திசை மாறும்போது காத்தாடியோட தலை திரும்புற இடத்துல பிரேக் பேட் தேஞ்சிருக்கும்க்காங்கிறான். அப்போ மாத்துங்கடான்னா சீசன்ல மிஷின நிறுத்த மாட்டாங்களாம். இந்த பதில்தான் எனக்கு பிரஷர ஏத்துது.

சாயங்காலம் இறக்கையோட நிழல் அடுப்படி சுவர்ல வெட்டி வெட்டி போகுது. சின்னவளுக்கு வலிப்பு வந்திருமோன்னு அத்தைக்கு பயம். அதுக்கு பொதுவா செகண்டுக்கு 3 தடவைக்கு மேல மின்னணும், இது அவ்ளோ வேகம் இல்ல. இருந்தாலும் கண்ணுக்கு எரிச்சல்தான், திரை வாங்கி போட்டாச்சு.

செப்டம்பர் 14

அத்தை கட்டில கிழக்கு ரூமுக்கு மாத்துனோம், பரவால்லங்கிறாங்க. குடியிருப்பு பகுதில ராத்திரி 10 மணிலருந்து காலை 6 வரைக்கும் 45 டெசிபல்தான் லிமிட்டு, மத்திய அரசு விதி. என் ஃபோன் ஆப்ல 58 காட்டுது, ஆனா மைக்ல காத்து அடிச்சாலே அது ஏறும், அத வெச்சு சண்டை போட முடியாது. முறையான மீட்டர் வெச்சு ராத்திரில வந்து அளக்கணும், அந்த பிரேக்கையும் மாத்தணும்னு மாமா மனு எழுதிட்டு இருக்காங்க. நெஞ்சுவலி, கருச்சிதைவுன்னு ஒரு வரி சேத்திருந்தாங்க, அத அடிச்சு எடுத்துட்டேன். தெருவுல கையெழுத்து வாங்க நாளைக்கு போகணும், ஆபரேட்டர் தம்பி வீட்ட விட்டுட்டு.