ஓடுதளம் தெரிகிறது என்று நான் சொன்ன மாலை

கோயம்புத்தூர் பீளமேட்டு விமான நிலையத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டரில் சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. இரண்டு ஓடுதளங்களும் ஒரே திசையில் கிடக்கின்றன, திசைகாட்டியின் 050, 230 பாகையைக் குறிக்கும் எண்களும் 05, 23 என ஒன்றேதான். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தும் ஒரு நாள் மாலை அது எனக்கு உதவவில்லை.

துணை விமானியாகச் சேர்ந்து அப்போது இரண்டாவது வருஷம். சென்னையிலிருந்து நேராக வராமல், மழை மேகத்தைத் தவிர்க்கக் கரூர் பக்கமாகச் சுற்றி வந்தோம். இருட்டத் தொடங்கிவிட்டது. கண்ணால் பார்த்தே இறங்கிவிடுவீர்களா என்று கட்டுப்பாட்டு அறையில் கேட்டார்கள். எதிரே வரிசையாக விளக்குகள். "ரன்வே தெரியுது சார்" என்றேன். கேப்டனும் எட்டிப் பார்த்து "ஆமா" என்றார். சரி, திரும்பி நேர்கோட்டில் வந்தோம், திசைகாட்டியில் 230, ஓடுதளம் மூக்குக்கு நேரே, எல்லாம் பொருந்தியது.

பீளமேட்டு ஓடுதளத்தின் நேர்கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ரேடியோ அலையை வைத்துக் காட்டும் ஐஎல்எஸ் கருவியின் ஊசி மட்டும் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். நாம் தெற்கிலிருந்து வருகிறோம், கொஞ்ச நேரத்தில் ஊசி நடுவுக்கு வந்துவிடும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் கேப்டன் கேட்டார், "தம்பி, டிஎம்இ எவ்வளவு காட்டுது?"

பீளமேட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்டும் கருவிதான் டிஎம்இ. அதில் 9.6 மைல். எதிரே இருந்த ஓடுதளமோ மூன்று, நான்கு மைலுக்கு மேல் இருக்க வாய்ப்பே இல்லை. அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, விமானத்தை மேலே ஏற்றி வலது பக்கம் திருப்பினார், கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார், ஐஎல்எஸ் பாதையைப் பிடித்துப் பீளமேட்டில் இறங்கினோம். பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது.

விளக்குகளைப் பார்த்து ஏமாந்ததுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஊசியைப் பார்த்த பிறகும் அதற்குச் சமாதானம் சொன்னேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது. அப்புறம் கேப்டனின் அந்த "ஆமா". நான் காட்டிய விளக்குகளைத்தான் அவரும் பார்த்தார், அதை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்ததாக எப்படிக் கணக்கில் வைப்பது?

2014 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்ததைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. சிகாகோவிலிருந்து பிரான்சன் போன சவுத்வெஸ்ட் 737, 124 பயணிகள், இரவு நேரம். பிரான்சன் ஓடுதளம் 7,140 அடி. அவர்கள் இறங்கியது அதற்கு வடக்கே சில மைல் தள்ளி இருந்த ஒரு சின்ன விமான நிலையத்தில், அங்கே ஓடுதளம் 3,738 அடிதான். முழு பலத்தோடு பிரேக் பிடித்து, ஓடுதளம் முடிவதற்குச் சற்று முன்னால் நின்றார்கள். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சின்ன விமான நிலையம்தான் முதலில் கண்ணில் படும், எனக்குச் சூலூர் பட்டது போல. பம்பாயிலும் இதே அமைப்புதான். கடல் பக்கமிருந்து வந்தால் முதலில் ஜூஹு என்ற சின்ன விமான நிலையம், அதைத் தாண்டித்தான் சாந்தா குரூஸ் என்ற பெரிய விமான நிலையம். 1953இல் ஒரு காமெட் விமானம் ஜூஹுவில் தவறாக இறங்கியது, 1972இல் ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 இறங்கி ஓடுதளத்தைத் தாண்டி ஓடி உருக்குலைந்தது. பத்தொன்பது வருஷ இடைவெளியில் அதே ஊரில், அதே இடத்தில்.

பிரான்சன் சம்பவத்துக்குப் பிறகு அங்குள்ள விசாரணை வாரியம் ஒரு பரிந்துரை செய்தது: வழியில் குழப்பம் தரக்கூடிய இன்னொரு விமான நிலையம் இருந்தால், விமானம் அதைத் தாண்டும்வரை இறங்க அனுமதி தரக் கூடாது. விமானி இருக்கையில் உட்கார்ந்த யாருக்கும் இதன் அருமை புரியும். "இறங்கலாம்" என்ற சொல் காதில் விழுந்ததும் எதிரே தெரிவது நம் ஓடுதளம்தான் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது.

இப்போது நான் கேப்டன். என்னோடு பறக்கிற துணை விமானிகளிடம், ஓடுதளம் தெரிகிறது என்று சொல்வதற்கு முன் டிஎம்இ எண்ணை முதலில் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். சிலர் இது விதிப் புத்தகத்தில் இல்லையே சார் என்கிறார்கள். பரவாயில்லை, சொல்லுங்கள் என்பேன்.

அன்றிரவு இறங்கியதும் கேப்டன் ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "நடந்ததை நடந்தபடி எழுது தம்பி, என்னோட 'ஆமா'வையும் சேர்த்து எழுது" என்றார். அதை உடனே எழுதிவிட்டேன். ஊசியைப் பார்த்தும் சொல்லாமல் விட்டேன் என்ற ஒரு வரியை எழுதத்தான் அரை மணி நேரம் ஆனது.