ஃபேம் சாம்பிள் தயாரிக்கும் ஜூனியர்களுக்கு: முதல் குழாய் செல் இல்லாத பிளாங்க்காக இருக்கட்டும்

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி ரிசல்ட் போன வெள்ளிக்கிழமை வந்தது. புராஜெக்ட்டில் நல்ல மதிப்பெண். இரண்டாவது ரிவியூ முடிந்த அன்று யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மண்ணிலிருந்து பாக்டீரியா பிரித்து, அதன் கொழுப்பு அமிலங்களை ஃபேமாக (மெத்தில் எஸ்டராக) மாற்றி ஜிசியில் (கேஸ் குரோமட்டோகிராஃபில்) பார்க்கப் போகிறவர்களுக்காக, எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

என் ஐசோலேட் (பிரித்தெடுத்த பாக்டீரியா) 16எஸ் மரபணு வரிசையில் பேசில்லஸ் என்று வந்திருந்தது. லேபில் கைமாறி வந்த புரோட்டோகால் தாளை வரிக்கு வரி பின்பற்றினேன். கண்ணாடிக் குழாய் போதாததால், ஹெக்சேன் ஊற்றும் படியை மட்டும் பிளாஸ்டிக் சென்ட்ரிஃபியூஜ் குழாயில் முடித்தேன். குரோமட்டோகிராமில் (ஜிசி வரைபடத்தில்) சி16:0 (பால்மிடிக்), சி18:0 (ஸ்டியரிக்) அமிலங்கள் இரண்டும் பனைமரம் மாதிரி நின்றன. பெருமையாகத்தான் ரிவியூவுக்குக் கொண்டுபோனேன். கமிட்டியில் இருந்த மேடம் கேட்டார்: "பேசில்லஸ் என்றால் ஐசோ, ஆன்டிஐசோ சி15 அல்லவா முன்னால் நிற்கணும்? இவ்வளவு ஸ்டியரிக் எங்கேயிருந்து வந்தது? பிளாங்க் எங்கே?" (ஐசோ, ஆன்டிஐசோ என்பவை சங்கிலி நுனிப்பக்கம் கிளைவிட்ட கொழுப்பு அமிலங்கள்.)

பிளாங்க் ஓட்டவே இல்லை. அந்தத் தாளில் அப்படி ஒரு வரியே கிடையாது. இரண்டு வருடமாக எத்தனை பேர் கையில் அந்தத் தாள் இருந்தது என்று நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அன்று மாலையே செல் போடாமல், ரீஏஜென்ட் மட்டும் வைத்து அத்தனை படியும் செய்தேன். அதே சி16:0, அதே சி18:0. என் பாக்டீரியாவைச் சேராத கொழுப்பை ஆறு வாரம் அலசியிருக்கிறேன். பிளாஸ்டிக்கிலிருந்து ஹெக்சேன் இழுத்தது, குழாய் கழுவிய சோப்பு, வெறுங்கை விரல் எண்ணெய் எல்லாமே இந்த இரண்டு அமிலங்களைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். அப்புறம் டெஃப்லான் பூசிய மூடியுள்ள கண்ணாடிக் குழாய்கள் வாங்கி, ஹெக்சேனில் அலசி, கையுறையோடு திரும்பச் செய்தேன். சி18:0 சுருங்கிப்போனது. ஆன்டிஐசோ சி15 தலைதூக்கியது. அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்கு படிகளும் உங்களுக்குத் தெரியும்: காரத்தில் செல்லை உடைக்கும் சப்பானிஃபிகேஷன், அமிலத்தில் மெத்திலேஷன், ஹெக்சேனில் பிரித்தல், காரநீரில் கழுவுதல். நான் தடுமாறிய இடங்களை மட்டும் சொல்கிறேன்:

- ஈர எடையில் 40 மில்லிகிராம் செல் போதும். கூடுதலாகப் போட்டால் சப்பானிஃபிகேஷன் முழுமையாக நடக்காது.
- 100 டிகிரியில் 5 நிமிடம் வைத்ததும் வெளியே எடுத்து வோர்டெக்ஸ் செய்து (சுழற்றிக் குலுக்கி), மூடி கசிகிறதா என்று பாருங்கள். குமிழி வந்தால் மூடியை மாற்றுங்கள். பிறகு 25 நிமிடம்.
- மெத்திலேஷன் 80 டிகிரி, 10 நிமிடம், உடனே குளிர்ந்த நீர். இங்கே அசட்டை வேண்டாம். அமிலத்தில் சூடு கூடினால் சைக்ளோபுரொப்பேன், ஹைட்ராக்ஸி அமிலங்கள் சிதைந்துவிடும். கிராம் நெகட்டிவ் பாக்டீரியா வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு.
- மேலடுக்கில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் எடுங்கள். ஆசைப்பட்டு அடிவரை உறிஞ்சினால் காரநீர் கூடவே வரும்.
- மார்க்கர் மை மெத்தனால் பட்டால் அழிந்துவிடும். பென்சிலால் எழுதுங்கள்.
- மீடியத்தில் ட்வீன் 80 (சோப்பு போன்ற ஒரு சேர்மம்) இருந்தால் ஓலிக் அமிலம் அதிலிருந்தே வரும்.

வளர்ப்பதும் சாம்பிள் தயாரிப்பில் சேர்ந்ததுதான். ஒன்றை 28 டிகிரியிலும் இன்னொன்றை 37 டிகிரியிலும் வளர்த்துவிட்டு ஒப்பிட முடியாது. சூடு குறைந்தால் சவ்வு இறுகாமல் இருக்க பேசில்லஸ் ஆன்டிஐசோ பங்கைக் கூட்டிக்கொள்ளும். வயதும் அப்படித்தான். ஈ.கோலை ஸ்டேஷனரி கட்டத்துக்கு (பெருக்கம் நின்ற நிலைக்கு) போனால் சைக்ளோபுரொப்பேன் அமிலங்கள் ஏறும். நான் எல்லாவற்றையும் ஒரே தட்டு மீடியம், 28 டிகிரி, 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். விடியற்காலை நாலரைக்கு லேபுக்கு வர வேண்டியிருந்தது. எனக்கு அந்த நேரம் பிடிக்கும், யாரும் இருக்க மாட்டார்கள். உங்களுக்கு ஒத்துவராது என்றால் மாலையில் ஸ்ட்ரீக் செய்துகொள்ளுங்கள்.

இன்டர்னல் ஸ்டாண்டர்டுக்கு (அளவை ஒப்பிட நாமே சேர்க்கும் கொழுப்பு அமிலத்துக்கு) சி17:0 வேண்டாம், பல பாக்டீரியாக்களிலேயே அது உண்டு. நான் சி19:0 போட்டேன்.

வைவாவில் எக்ஸ்டர்னல் சார் முதலில் திருப்பியது பிளாங்க் பக்கத்தைத்தான். சாம்பிளுக்குப் பக்கத்திலேயே, ஒரே அளவுகோலில் அச்சிட்டு வைத்திருந்தேன். "ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஓட்டினீர்களா?" என்றார். ஆமாம் சார், ஐந்து பேட்ச்சுக்கும் என்று தேதியோடு நோட்டைக் காட்டினேன். அதற்குப் பிறகு கேட்டவை இரண்டே: ஆன்டிஐசோவின் தொடக்கப் பொருள் எந்த அமினோ அமிலம்? ஐசோலூசின் என்றேன். சி15:0 ஐசோவுக்கு? லூசின் என்றேன். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.