உப்பு 80

மார்ச் 4
ஹீலா செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுச் செல்கள்) 2 கோடி. ஃபார்மால்டிஹைடு கிடையாது, எதையும் ஒட்டவைக்காமல் இயல்பான குரோமாட்டின்தான், அதாவது ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றிய டிஎன்ஏ. அப்படிச் சுற்றிய ஒவ்வொரு உருண்டையும் ஒரு நியூக்ளியோசோம். உப்பில் கழன்றுபோகும் ஒன்றைப் பிடிப்பதுதான் நோக்கம்.

மார்ச் 5
எம்என்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) நான்கு அளவுகளில். 37 டிகிரி, 1 மில்லிமோலார் கால்சியம், 5 நிமிடம், கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் இஜிடிஏ ஊற்றி நிறுத்தம். அதிக நொதியில் 150 பேஸ் அருகே ஒரே பட்டை, அதற்குக் கீழே மங்கலான இழுப்பு. அந்த இழுப்புதான் கவலை. எச்3.3, எச்2ஏ.இசட் என்ற ஹிஸ்டோன் மாறுபாடுகள் இரண்டும் சேர்ந்த நியூக்ளியோசோம் இளகியது. நொதிக்கு முதலில் இரையாவது அதுதான். இரண்டாவது அளவே போதும். ஒன்று, இரண்டு, மூன்று நியூக்ளியோசோம் நீளத் துண்டுகளின் ஏணி தெரிகிறது.

மார்ச் 6
150 மில்லிமோலார் உப்பு வழக்கமான செய்முறைகளில் இருக்கிறது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. செயல்படும் ஜீன்களின் தொடக்கத்தை 'நியூக்ளியோசோம் இல்லாத பகுதி' என்று வெறுமையாக வரைந்துவந்தார்கள். அந்த இடத்தில் இரட்டை மாறுபாட்டு நியூக்ளியோசோம் இருக்கிறது, வழக்கமான உப்பில் தயாரிக்கும்போது கழன்றுபோகிறது என்று 2009-இல் ஜின், ஃபெல்சன்ஃபெல்ட் குழு இதே ஹீலாவில் காட்டியது. நாமே கழுவிக் கொட்டிவிட்டு, அங்கே ஒன்றுமில்லை என்று எழுதக் கூடாது.

ஒரே உட்கருக்கள், இரண்டு பங்கு: 80, 150.

மார்ச் 7
எச்2ஏ.இசட் ஆன்டிபாடி 2 மைக்ரோகிராம், 4 டிகிரியில் இரவு முழுக்கச் சுழற்சி. இது எச்2ஏ.இசட்-இன் இரு வடிவங்களான இசட்.1, இசட்.2 இரண்டையும் பிடிக்கும். வித்தியாசம் மூன்றே அமினோ அமிலம். 38-ஆம் இடத்தில் ஒன்றில் செரின், மற்றதில் திரியோனின். சாதாரண எச்3.1-க்கும் எச்3.3-க்கும் ஐந்து. அந்த ஐந்தில் சிலவற்றை அடையாளம் வைத்துக்கொண்டு ஹிரா என்ற துணைப்புரதக் கூட்டு எச்3.3-ஐப் பொறுக்கி எடுக்கிறது, டிஎன்ஏ இரட்டிக்கும்வரை காத்திராமல் ஓடும் ஜீனில் பொருத்துகிறது. எத்தனை முறை படித்தாலும் பிரமிப்பு அடங்கவில்லை.

மார்ச் 8
ஜீனின் தொடக்க இடத்தில் இரண்டு பங்கும் வெறுமை.

மார்ச் 9
பிடிபட்டது. ஆன்டிபாடியைப் பிடிக்கும் மணிகளைக் கழுவும் கரைசலில் உப்பு 250. கரைக்கும் உப்பைக் குறைத்தோம், கழுவும் உப்பைக் குறைக்கவில்லை. கடைசிக் கழுவல்வரை 80 இருக்க வேண்டும். பின்னணி கொஞ்சம் ஏறும். ஏறட்டும், அதற்குத்தான் எதையும் குறிவைக்காத ஐஜிஜி ஆன்டிபாடி ஒப்பீடு.

மார்ச் 13
க்யூபிசிஆர் (டிஎன்ஏவை ஒவ்வொரு சுழற்சியிலும் இரட்டிப்பாக்கி அளக்கும் முறை) பார்த்தாயிற்று. தொடக்க இடத்தில் 80-க்கும் 150-க்கும் மூன்று சுழற்சி இடைவெளி. ஏறத்தாழ எட்டு மடங்கு! அடுத்துள்ள +1 நியூக்ளியோசோமில் இரண்டும் ஒன்றே. ஆன்டிபாடி குறையவில்லை, மணியும் சரி. கழன்றது அந்த ஒன்றுதான்.

மார்ச் 14
திரும்பவும் உப்பு. 100-இல் என்ன ஆகும்? 120-இல்?

மார்ச் 16
சீக்வென்சிங்குக்கான டிஎன்ஏ லைப்ரரி. டிஎன்ஏவைச் சுத்தம் செய்யும் மணியின் விகிதத்தைக் குறைத்தால் சின்னத் துண்டுகள் ஓடிவிடும், தேடுவதே அவற்றைத்தான். 1.8 மடங்கு.

மார்ச் 19
சீக்வென்சிங் இன்னும் வரிசையில்.