ஒரே ஆச்சி, இரண்டு எண்

அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன லேபில் பதினாறு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். போன வாரம் 78 வயது ஆச்சி ஒருவரை மகன் கூட்டி வந்தார். இடது கால் லேசாக வீங்கியிருந்தது. ரத்தக்கட்டி இருக்குமோ என்று பார்க்க டாக்டர் டி-டைமர் என்ற ரத்தச் சோதனை எழுதியிருந்தார்.

ஆச்சிக்கு நூல் மாதிரி நரம்பு. பட்டர்ஃபிளை ஊசிதான் போட வேண்டியிருந்தது. அதன் குழலில் இருக்கும் காற்று குழாய்க்குள் போனால் ரத்தத்தின் அளவு குறைந்துவிடும். அதனால் முதலில் ஒரு குழாயில் கொஞ்சம் எடுத்து ஒதுக்கிவிட்டு, அப்புறம்தான் நீல மூடிக் குழாயை மாட்டினேன். அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மில்லி இருக்கும், 2.7 மில்லி ரத்தம் கோடு வரை நிற்க வேண்டும். குறைந்தால் நான் மறுபடி குத்துவேன், திட்டினாலும் பரவாயில்லை.

முடிவு 630. மகன் முகம் வெளிறிவிட்டது. சட்டைப்பையிலிருந்து முந்தின நாள் வேறொரு லேபில் எடுத்த தாளை நீட்டினார். அதில் 310.

"ஒரே ராத்திரில ரெண்டு மடங்கா கூடிருச்சேம்மா, ரத்தக்கட்டி வளருதா?"

"அண்ணாச்சி, பக்கத்துல இருக்கிற இயல்பு அளவைப் பாருங்க" என்றேன். அந்தத் தாளில் 250-க்குள், எங்கள் தாளில் 500-க்குள். அலகு வேறு. அவர்கள் கொடுத்தது டிடியு (டி-டைமர் யூனிட்), நாங்கள் கொடுப்பது எஃப்இயு (ஃபைப்ரினோஜன் ஈக்விவலன்ட் யூனிட்). டிடியு கணக்கை ஏறக்குறைய இரண்டால் பெருக்கினால் எஃப்இயு வந்துவிடும். எதுவும் கூடவில்லை. அந்தத் தாளில் வெறும் 'நானோகிராம்' என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

ரத்தம் கட்டும்போது ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலையாகப் பின்னி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்மின் என்ற நொதி அந்த வலையை வெட்டும்போது, ஒட்டு விடாமல் ஜோடியாக வரும் துண்டுதான் டி-டைமர். காய்ச்சல், ஆபரேஷன், கர்ப்பம், புற்றுநோய், ஏன், வயதானாலே அது கூடும். கூடினாலே ரத்தக்கட்டி இருக்கிறது என்று அர்த்தமில்லை. சந்தேகம் குறைவாக இருக்கிறவருக்கு எண்ணும் குறைவாக இருந்தால், கட்டி இல்லை என்று தைரியமாகச் சொல்ல உதவும். அதுதான் இதன் பெரிய பயன். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு எஃப்இயு கணக்கில் வயதைப் பத்தால் பெருக்கி எல்லையாக வைப்பதும் உண்டு. ஆச்சிக்கு அது 780.

ஆனால் முடிவு சொல்ல வேண்டியது டாக்டர், நான் இல்லை. இரண்டு தாளையும் சேர்த்து மடித்து, அலகுகளைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் அண்ணாச்சி போன் செய்தார். டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம் என்றாராம். ஆச்சி சாப்பிட்டுப் படுத்துவிட்டாராம்.